கக்கத்தில் பூட்ஸ்

மண்ணூர் மிராசுதார் வீட்டை அருங்காட்சியகம் ஆக்கியதும், காவல் வேலையை முதலில் கேட்டு வாங்கியவள் கிளியம்மாள். அந்த வாசலை அவளுடைய அப்பா செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டியிருந்தது. அதை அவள் மறக்கவேயில்லை.

மிராசுதாரின் ஊஞ்சலைப் புதிதாகப் பார்வைக்கு வைத்த விழா நாளில், அவருடைய பேரன் ஹேமந்த் பளபளக்கும் பூட்ஸோடு வந்தான். போட்டோவுக்காக ஊஞ்சலில் உட்காரப் போனான்.

கிளியம்மாள் விசில் ஊதினாள். அந்தச் சத்தத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடிந்துவிட்டதென்று மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

"தொடக் கூடாது சார். இன்னா, பூட்ஸோட வந்துகீற?"

"இது எங்க தாத்தா வீடும்மா!"

"அது தெரிஞ்சுதான் சொல்றேன். கழட்டு."

விழாவுக்கு வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஹேமந்த் கழற்றினான்.

"எங்க வைக்கிறது?"

"வெளிய வெச்சா நாய் தூக்கினு பூடும். கக்கத்துல வெச்சிக்க."

அப்படியே அவனை எல்லா அறைக்கும் நிதானமாகச் சுற்றிக் காட்டினாள். கடைசியில் அப்பா கடந்த அதே வாசலில் நிறுத்தி, அவளே போட்டோ எடுத்தாள்.

"கொஞ்சம் சிரி சார்."

அடுத்த வாரம் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் அந்தப் போட்டோவும் பார்வைக்கு வந்தது.