பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது

நீலாவதிக்கு அந்த அரசாங்க ஆபீஸ் கிளார்க் வேலை கிடைத்தே ஆக வேண்டும். கச்சல் தீவு ரப்பர் தோட்டத்தில் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோய் ஐந்து வருஷம் ஆகியும், அவளும் அம்மாவும் போர்ட் பிளேரில் தகரக் கொட்டகையில்தான் கிடந்தார்கள். மழை வந்தால் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மூலை மூலையாக நகர்வாள். வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இருந்ததோ ஒரே ஒரு இடம். அதற்கு டைப்பிங் டெஸ்ட்.

ஃபீனிக்ஸ் பே பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், அதே வேலைக்கு மனுப் போட்டிருந்த தோழி இந்திராணியோடு பயிற்சி எடுத்தாள். பயிற்சி என்ன பயிற்சி, விளையாட்டுதான்! திரையின் மேலிருந்து சொற்கள் விழும். தரையைத் தொடுமுன் அடித்து முடித்தால் புள்ளி. ஆரம்பத்தில் இந்திராணி ஒற்றை விரலால் கோழி மாதிரி கொத்திக்கொண்டிருந்தாள். அவள் கைமேல் துப்பட்டாவைப் போட்டு மூடி, கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கப் பழக்கியவளே நீலாவதிதான்.

நீலாவதிக்கு வேகம்தான் எல்லாம். தப்பு விழுந்தால் பேக்ஸ்பேஸைத் தட்டி அழித்துவிட்டு ஓடுவாள். கடைசி இரண்டு மாதமாக இந்திராணியோ ஆமையாகிவிட்டாள். எழுத்து எழுத்தாக நிதானமாக அடித்தாள். சொற்கள் தரையில் விழுந்து புள்ளி போனாலும் கவலைப்படவில்லை.

"அரே, ஜல்தி அடிடி! தப்பு வந்தா அழிச்சுக்கலாம்."

"எனக்கு வர்றது இவ்ளோதான். நீ ஸ்பீடை மட்டும் பாரு. வேலை உனக்குத்தான், பக்கா," என்று சிரித்தாள் இந்திராணி. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவள் நீலாவதி, அப்படியே நம்பினாள்.

டெஸ்ட் அன்று மேற்பார்வையாளர் இந்தியில் அறிவித்தார்: பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது, நூறு சொல்லுக்கு ஐந்து தப்புக்கு மேல் போனால் ஃபெயில். நீலாவதி வழக்கம்போல வேகமாகவே ஆரம்பித்தாள். பழகிப்போன விரல் அந்தப் பொத்தானையே தேடித் தேடித் தடுமாறியது. ஒரு தப்பு அடுத்த தப்பைக் கூட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வரிசையில் இந்திராணி, கொஞ்சமும் பதறாமல், அதே நிதானத்தோடு அடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் இந்திராணி பெயர் இருந்தது.

"பேக்ஸ்பேஸ் வேலை செய்யாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" படிக்கட்டில் மறித்துக் கேட்டாள் நீலாவதி.

இந்திராணி தலையைக் குனிந்துகொண்டாள். "மாமா இந்த ஆபீஸ்லதானே இருக்காரு. ரெண்டு மாசம் முன்னாடி சொன்னாரு."

"அடிப்பாவி! தெனம் பக்கத்துல உக்காந்துகிட்டு ஸ்பீடைப் பாரு, ஸ்பீடைப் பாருன்னு ஏத்தி விட்டியே! ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லியிருந்தா நீதானே ஜெயிச்சிருப்ப?"

கூட இருந்தே குழி பறித்தவள், அதைச் சொல்லிவிட்டு அழவும் செய்தாள். அந்த அழுகையைத்தான் நீலாவதியால் பொறுக்க முடியவில்லை. வேலையையும் எடுத்துக்கொண்டு, ஆறுதலும் இவளிடமே கேட்கிறாளா?

கையைப் பிடிக்க வந்தவளை உதறித் தள்ளினாள்.

"ஆமாடி, நான்தான் ஜெயிச்சிருப்பேன். எங்கம்மா இந்த மழைக்கு ஒழுகாத வீட்ல படுத்திருக்கும்."