ஸ்வெட்டருக்கு அடியில் ஒரு சீப்பு

அமெரிக்காவின் சுகர் லேண்டிலிருந்து ஆறு குடும்பமாகக் கென்யாவுக்கு சஃபாரி வந்துவிட்டால், சங்கடஹர சதுர்த்தியன்று பிள்ளையார் பட்டினி கிடக்கலாமா? கூடாரத்தில் தின்பண்டம் எதுவும் வைக்காதீர்கள் என்று கேம்ப்காரர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். மரகதமும் சமர்த்தாக விதிமுறைத் தாளில் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு, நைரோபியில் வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பெட்டிக்குள் ஸ்வெட்டருக்கு அடியில் ஒளித்து வைத்தாள். படித்த பார்மசிஸ்ட் வேறு, கர்மம்!

கட்டில், ஷவர் என்று கூடாரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் சுவர் துணிதானே. மதியம் ஆறு வயது மகள் வெண்பா உள்ளே தூங்கினாள். பெரியவர்கள் கூப்பிடு தூரத்தில் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்த ஒற்றை யானை வந்தது. மற்ற கூடாரங்களைத் திரும்பியும் பார்க்காமல், நேரே வெண்பா இருந்த கூடாரத்தின் பின்பக்க ஜன்னல் வலையில் தும்பிக்கையை வைத்தது.

யாரும் அசையக் கூடாது என்று கேம்ப் காவலர் கையைக் காட்டினார். உள்ளே சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"நோ நோ, என் வைஃப் ரூல்ஸ்ல ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றான் கணவன் கிட்டுசாமி.

எல்லோரும் மரகதத்தைப் பார்த்தார்கள். மானம் போகுமே என்று ஒரு நொடி வாயை மூடிக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறா அது! வலை டர்ரென்று கிழிந்தது.

"இருக்கு! வாழப்பழம் இருக்கு!"

குழந்தை அதைப் பின்னால் எறிந்தால் போதும், யானை தின்கிற நேரத்தில் முன்வாசல் வழியாகத் தூக்கிவிடுவேன் என்றார் காவலர்.

"வெண்பா! பெட்டியில இருக்கிற பழத்த எடுத்து அந்த ஓட்டை வழியா தூக்கிப் போடு கண்ணு!"

உள்ளேயிருந்து நடுங்கும் குரல் வந்தது. "நோ ஃபுட் இன் ஹியர், அம்மா."

யார் கேட்டாலும் இல்லை என்று சொல், தெரிந்தால் நம்மை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று காலையில் மரகதம்தான் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"அம்மாதான் பொய் சொன்னேன்டி! எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு! போட்டுடு தங்கம்!"

தொப்பென்று சீப்பு வெளியே விழுந்தது. யானை அந்தப் பக்கம் தலையைத் திருப்ப, காவலர் பாய்ந்து முன்பக்க ஜிப்பைத் திறந்து குழந்தையை வாரிக்கொண்டு வந்தார்.

மரகதம் அழுதுகொண்டே கையை நீட்டினாள். வெண்பா வரவில்லை. காவலரின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"பனானாஸ் வேர் மைன். அம்மா டிடின்ட் நோ."