ஈட்டி நுழைந்த இடம்

வாசலில் வைத்த தண்ணீர்ப் பானையின் நிழல் ஒரு சாண்தான் நகர்ந்திருந்தது. அதற்குள் மிர்த்தோ அப்பாவின் மார்பையும் தொடைகளையும் கழுவி முடித்திருந்தாள்.

"போதும். முதுகை நான் பாத்துக்கறேன்," என்றாள் அம்மா. "நீ போய்த் துணியை எடுத்துட்டு வா."

"தனியா எப்படிம்மா புரட்டுவே?"

மிர்த்தோ ஏற்கெனவே தோளைப் பிடித்திருந்தாள். உயிர் போன அப்பா தெலேசன் கனமாக இருந்தார். காலையில் அத்திப்பழம் பறிக்க ஏறியவர். கிளை முறிந்தது. "கூடையைப் பாரு" என்றார். பிறகு எதுவும் சொல்லவில்லை. நெற்றியில் மட்டும் கொஞ்சம் ரத்தம்.

புரட்டினார்கள்.

இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி, ஒரு விரல் நீளத்தில் தழும்பு. ஓரங்கள் மடிந்து வெளுத்திருந்தன.

மார்பில் ஒன்றும் இல்லை. அப்பா சொன்ன ஈட்டிக் காயத்தைத் தேடிக்கொண்டேதான் துடைத்திருந்தாள்.

அப்பா யார் முன்பும் மேலாடையைக் கழற்றியதில்லை. ஆற்றில் இறங்கினாலும் துணியோடுதான். கடவுள் தொட்ட இடம், மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பார். மணல்துறைச் சண்டைக்கு இந்த ஊரிலிருந்து பதினொரு பேர் போனார்கள். திரும்பியது அவர் ஒருவர். ஈட்டி பட்டு விழுந்ததும் ஒரு கடவுள் பனியால் தன்னை மூடி, தூக்கிவந்து கரையில் போட்டதாகச் சொல்வார். எந்தக் கடவுள் என்று தம்பி தெரோன் சிறுவயதில் நச்சரிப்பான். "முகத்தைக் காட்டலைடா" என்பார்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் மிர்த்தோ.

"முப்பது வருஷமா இந்த முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறவ நான்."

"ஓடியிருக்காரு."

"மெதுவாப் பேசு."

முற்றத்தில் தெரோன் கேடயத்தை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒலி நிற்கும். காலடிகள் கேட்கும். மறுபடி தேய்ப்பான். புதுக் கேடயம். அப்பாவுடையது ஆற்றோடு போய்விட்டது.

அம்மா எண்ணெய்க் குப்பியைச் சாய்த்தாள். "பனி உண்மைடீ. அன்னிக்குக் கை நீட்டினா கை தெரியலைன்னு மீன் பிடிக்கப் போனவங்களும் சொன்னாங்க. அதுக்குள்ள யாரு இருந்தாங்கன்னு நான் கேக்கலை. உயிரோட வந்தாரு. மறுவருஷம் நீ பொறந்தே."

"நாலு நாள்ல தெரோன் போற படைக்கப்பல் கிளம்புது. அதே மணல்துறைக்கு."

"தெரியும்."

"முன்வரிசையில நடுவுல இவனை நிறுத்தறாங்க. தெலேசன் மகன்னு. இவன் வயசுப் பசங்க எல்லாரும் பின்னால. இவன் ஒருத்தன்தான் முன்னால."

"தெரியும்னு சொன்னேன்ல."

"இதைச் சொன்னா பின்னால தள்ளிடுவாங்கம்மா."

அம்மாவின் கை நின்றது. "தள்ள மாட்டாங்க. துப்புவாங்க. அந்த எச்சிலைத் துடைக்கறதுக்காகவே இவன் வரிசையை விட்டு முதல் ஆளா ஓடுவான். உன் தம்பியை உனக்குத் தெரியாதா?"

"அப்ப சொன்னாலும் சாவான், சொல்லாட்டியும் சாவானா?"

"அப்பாவை இன்னொரு தடவை குத்தாதே. அவ்வளவுதான் நான் கேக்கறது."

எண்ணெய் தழும்பின் மடிப்பில் தேங்கியது. அம்மா கட்டைவிரலால் அதை வழித்துவிட்டாள். பழகிய விரல்.

"கடவுளுங்களுக்கு என்ன," என்றாள். "சாவு கிடையாது. முன்னால நின்னா என்ன, பின்னால நின்னா என்ன. வேடிக்கை பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க."

கழுத்திலிருந்து பாதம்வரை துணியைச் சுற்றினார்கள். தாடையைக் கட்டினார்கள். கால் வாசலைப் பார்க்கும்படி கட்டிலைத் திருப்பினார்கள். மிர்த்தோ தலைமாட்டில் கற்பூரவல்லிக் கொத்தை வைத்தாள். வைத்ததை எடுத்து மறுபக்கம் வைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பித்தியாஸ் அத்தை வழக்கப்படி வாசல் பானையில் கையை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வந்ததும் கட்டிலின் விளிம்பில் அடித்தாள்.

"அத்திமரமா? அறுபது வயசுல உனக்கு மரமேற்றம் கேக்குதா? நான் ஒரு கூடை பழம் அனுப்பியிருக்க மாட்டேனா? ஈட்டிக்குத் தப்பினவனுக்கு ஒரு கிளைக்குத் தப்பத் தெரியலையே!" அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தன் நரைமுடியில் ஒரு கொத்தை வெட்டி தெலேசனின் மார்பில் வைத்தாள்.

மிர்த்தோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியாது. நீ அப்பப் பொறக்கலை. என் வீட்டுக்காரர் நெஞ்சுல வாங்கிட்டு விழுந்தாரு, ஓரடி பின்னால வைக்கலைன்னு பாத்துட்டு வந்து சொன்னது உங்கப்பாதான். காயம் ஆறாத உடம்போட எங்க வாசல்ல நின்னு சொன்னாரு. பத்து வீட்டு வாசல்லயும் நின்னாரு. அந்த ஒரு சொல்லுதான் எனக்கு. அதை வெச்சுக்கிட்டுதான் இவ்வளவு நாள் ஓட்டினேன்."

மிர்த்தோ அம்மாவைப் பார்த்தாள். அம்மா துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். நீவ அங்கே சுருக்கம் எதுவும் இல்லை.

மிர்த்தோ முற்றத்துக்குப் போனாள்.

தெரோன் கேடயத்தை இடது கையில் மாட்டியிருந்தான். சுவரோரமாக நான்கு எட்டு நடந்தான், திரும்பினான், நடந்தான். பத்தொன்பது வயது. அவள் தலைக்கு மேல் ஒரு சாண் வளர்ந்திருந்தான்.

"ஒரு இடத்துல உக்காரேன்டா."

"முடியலைக்கா." நின்றான். "சுத்தியாச்சா?"

"ஆச்சு."

"நான் ஒரு தடவை பாத்துக்கவா? காயத்தை மட்டும். ஓரமா விலக்கினாப் போதும்."

"அம்மா திட்டுவா."

"அப்ப எங்கன்னாவது சொல்லு. சின்ன வயசுல கேட்டா, வளந்ததும் காட்டறேன்னாரு. வளந்ததும் கேட்டா, கப்பல் ஏறுற அன்னிக்குக் காட்டறேன்னாரு. இன்னும் நாலு நாள் இருந்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்?" உடனே கேடயத்தைத் தட்டினான். "பசங்க கேப்பாங்கக்கா. அங்க நிக்கும்போது நானும் நினைச்சுக்கணும். இதே இடத்துலதான் அப்பாவும் வாங்கினாருன்னு."

கேடயத்தின் வார் தளர்ந்து முழங்கை வெளியே தெரிந்தது. மிர்த்தோ அதை இழுத்துக் கட்டினாள். அவிழ்த்தாள். இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும்."

படலைத் தள்ளிக்கொண்டு பாட்டுக்காரர் எவார்கோஸ் வந்தார். மூச்சு வாங்கியது. கைத்தடியைச் சுவரில் சாய்த்தார்.

"இந்த ஊர்ல ஒருத்தராவது சமவெளியில சாகறீங்களா? எல்லாச் சாவும் மேட்டுமேலதான்." தெரோனின் தோளைத் தட்டினார். "வருத்தப்படாதே தம்பி. உங்கப்பாவுக்கு நான் பாடற பாட்டை ஊர் மூணு தலைமுறைக்குப் பாடும். உன் கப்பல்லயும் பாடுவாங்க, பாரு."

பானையில் கை நனைத்தார். உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றார். கொஞ்ச நேரம் தெலேசனின் முகத்தையே பார்த்தார். நெற்றிக் காயத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"அத்திமரத்தைப் பாட்டுல விட்டுடுவோம்," என்றார்.

"விட்டுடுங்க," என்றாள் அம்மா.

"காளை முட்டிச் செத்தவனுக்கே போன மாசம் ஒரு கடவுளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். இவருக்குக் கடவுள் தானாவே வந்திருக்காரு. வேலை சுலபம்." முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். யாழை மடியில் வைத்து ஒரு நரம்பை முறுக்கினார். "பொண்ணுங்களா, நான் ஆரம்பிச்சதும் சேர்ந்து அழணும். முன்னாலயே அழுது தொண்டையைக் கட்டிக்காதீங்க."

பித்தியாஸ் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கால்மாட்டுக்கு நகர்ந்தாள். தெரோன் கேடயத்தோடு வந்து வாசலை அடைத்து நின்றான். உள்ளே இருட்டியது.

எவார்கோஸ் இன்னொரு நரம்பை முறுக்கினார். தட்டிப் பார்த்தார். தளர்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதைச் சொல்லாம பாட்டு நிக்காது. சாதாரண ஆளுக்குன்னா 'அடிபட்டான்'னு போயிடலாம். வீரனுக்கு இடம் சொல்லணும். மார்க்காம்புக்கு மேலயா, விலாவா, தொடையான்னு. கேக்கறவன் தன் உடம்புல அந்த இடத்தைத் தொட்டுப் பாக்கணும்." அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்திருந்தாள். மிர்த்தோவின் பக்கம் திரும்பினார். அவள் கைகளில் எண்ணெய் இன்னும் மினுங்கியது.

வாசலில் தெரோன் வலது கையை மெல்லத் தூக்கித் தன் மார்பருகே வைத்துக் காத்திருந்தான்.

"நீதானேம்மா குளிப்பாட்டினே? சொல்லு. ஈட்டி எங்க நுழைஞ்சது?"