எடை குறையாத தண்டவாளம்

சோதனைக்கூடத்தில் உலோகத் தேய்மானம் பார்ப்பது அவள் வேலை. அன்று காலை தேய்மானமே இல்லை என்று அறிக்கை வந்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எழுதியவர் தலைமைப் பொறியாளர். அவளுடைய அக்காவின் புருஷன் வேறு.

அங்கே இருப்பது ஒரு மின்காந்த ஏவி. இரண்டு செப்புத் தண்டவாளங்கள், நடுவே உரசிக்கொண்டே பாயும் ஓர் அலுமினியக் கட்டை. அதன் வழியாக மின்சாரம் பாய்ந்து, கண் இமைப்பதற்குள் கட்டையை வெளியே வீசிவிடும். முப்பது முறை வீசிய தண்டவாளத்தை அவர் கழற்றித் தராசில் வைத்தார், எடை இம்மியும் குறையவில்லை. கதை முடிந்ததாம். நாளைக்கு இரட்டிப்பு மின்சாரத்தில் சோதனையாம்.

எப்படிக் குறையும்? செம்பைப் பிய்த்த பள்ளத்தையெல்லாம் உருகிய அலுமினியம் மூடி, மேலேயும் தடிப்பாகப் படிந்திருக்கிறதே! இத்தனை வருஷம் இதிலேயே கிடக்கிற மனுஷருக்கு இதுகூடவா தெரியாது? தெரியும். சோதனையைப் பார்க்க மேலிடத்து விருந்தாளிகள் வரும் தேதி அதைவிட நன்றாகத் தெரியும்.

பாயும் கட்டை தண்டவாளப் பள்ளத்தில் தடுக்கினால் வெடிப்பது ஏவியின் பின்பக்கம். அங்கே ஐந்தடி தள்ளி, ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னால் நிற்பவன் அவளுடைய தம்பி. அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறான். அவனை அந்தத் தடுப்புக்குப் பின்னால் வேலைக்கு நிறுத்தியவரும் இவர்தான்.

கையுறை மாட்டிக்கொண்டு, அவர் கண்ணெதிரே தண்டவாளத்தின் மேல் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றினாள். அலுமினியத்தைத் தின்னும், செம்பைத் தொடாது. நுரைத்துக் கறுத்தது. அவர் பதறி, அறிக்கைக்கான பொருளைக் கெடுக்கிறாள் என்று கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுவித் துடைத்ததும் செம்பு முழுக்கக் குழி. ஒன்றில் அவள் சுண்டுவிரல் நகம் முழுசாகப் புதைந்தது.

"இதுக்குப் பின்னாலதான் என் தம்பிய நிக்க வெச்சிருக்கீங்க, மாமா."

வேலையிடத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைய சோதனையை நிறுத்திவிடலாம் என்று ஒரு வார்த்தை வரும் எனக் காத்திருந்தாள்.

"உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

கையுறையை உருவிப் போட்டுவிட்டு அவர் முன்னாலேயே போனை எடுத்தாள். இரண்டாவது மணியில் அக்கா எடுத்தாள்.

"அக்கா, நாளைக்குத் தம்பிய வேலைக்கு அனுப்பாத. ஏன்னு உன் வீட்டுக்காரரே சொல்வார்."

போனை அவரிடம் நீட்டினாள்.