இடம் வரும் முன்னே போட்ட சட்டை

இடம் கிடைக்கும் முன்னே ஒரு கல்லூரியின் பெயர் போட்ட சட்டையை அணிந்தால் ராசி கெட்டுவிடும் என்பது அமெரிக்காவில் எங்கள் கனெக்டிகட் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பயம். பக்கத்து வீட்டுப் பையன் ஹாட்லி ஆகஸ்டிலேயே ஒரு பெரிய கல்லூரியின் சட்டையை மாட்டிக்கொண்டு திரிந்தான்.

"கொழுப்பைப் பாரு. நீ அப்படிப் பண்ணித் தொலைக்காதே" என்று என் மகள் மேரனிடம் சொன்னேன். அவளும் அதே கல்லூரிக்குத்தான் ஆசைப்பட்டாள்.

மற்றவர்களைப் போல ஜனவரி வரை காத்திராமல் நவம்பரிலேயே விண்ணப்பித்தால் வாய்ப்பு இரண்டு மடங்கு என்றார் பள்ளி ஆலோசகர் டோர்சி அம்மாள். கிடைத்தால் அங்கேதான் சேருவோம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தோம். டிசம்பரில் ஹாட்லிக்கு இடம் வந்தது. மேரனுக்கு இல்லை.

நேரே டோர்சியிடம் போனேன். "மார்க்கு என் பொண்ணுக்குத்தானே அதிகம்?"

"அவன் படகுப் போட்டி டீம் ஆளுங்க. அந்தக் காலேஜ் கோச் கோடை லீவுலயே அவனை டீமுக்கு எடுத்துட்டார். நவம்பர்ல அவன் அப்ளிகேஷன் போட்டது சும்மா பேருக்கு."

"அப்ப உங்க ரெண்டு மடங்குக் கணக்கு?"

"அவனை மாதிரி பசங்களையும் சேர்த்துதான். அவங்களக் கழிச்சா பெருசா ஒண்ணும் மிஞ்சாது."

"இதை எங்ககிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். ஆகஸ்ட்லயே சட்டையைப் போட்டுக்கிட்டு உங்க வாசல்லதானே திரிஞ்சான். அது கோச் குடுத்தது."