குறுக்குப் பேச்சு

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் என்னை ஒரு வாக்கியத்தையாவது முழுதாகப் பேச விட்டதில்லை. நான் பாதி தூரம் போவதற்குள் நடுவில் புகுந்து ஒரு குத்தல் வைப்பார். நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். வகுப்பிலும் இதே கதைதான். ஒரு பையன் கொட்டாவி விட வாயைத் திறந்தால் அதை மூடுவதற்குள் அவனைப் பற்றி ஒரு ஜோக் வந்து விழும். பையன்கள் இவருக்காகவே முதல் பெஞ்சுக்கு அடித்துக்கொள்வார்கள்.

தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தே தீர வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோதுகூட, "அப்ப இனிமே வீட்ல இவ ராஜ்யம்தான்" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆள் பிழைத்துக்கொண்டார். அதற்கே நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் வீட்டில் நான் தொடங்கிய வாக்கியமெல்லாம் தடங்கலில்லாமல் முற்றுப்புள்ளி வரை போய்ச் சேர்ந்தது. அது எவ்வளவு பெரிய தண்டனை என்று பட்டால்தான் தெரியும்.

பழைய மாணவர்கள் சிலர் இவருடைய வகுப்புகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதை வைத்து இவர் குரலிலேயே பேசுகிற ஒரு புரோகிராமைத் தயார் செய்து லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே ஒரு குட்டி கீபோர்டு. அதில் எதைத் தட்டினாலும் லேப்டாப் இவர் குரலில் சொல்லும். முதல் நாள் அது "காபி கிடைக்குமா, இல்ல அதுக்கும் மனு போடணுமா?" என்று கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பிள்ளைகள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கல்லூரி முதல்வர் நல்ல மனுஷர், ஆனால் கறார். "ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்க சார். பசங்க உங்க பேச்சோட ஒட்டி வந்தாங்கன்னா தொடருங்க. இல்லன்னா ஆய்வகப் பொறுப்பைப் பாத்துக்கலாம்" என்றார். ஆய்வகப் பொறுப்பு என்றால் கண்ணாடிக் குடுவைகளுக்குக் காவல். பேச ஆளில்லாத அறை. இவர் தலையாட்டிவிட்டு வந்தார், அன்று சாப்பிடவில்லை.

வீட்டு ஹாலில் ஒத்திகை பார்த்தோம். லேப்டாப் திரையில் இருப்பது புரொஜெக்டர் வழியாகச் சுவரில் பாடப் படங்களாக ஓடும், நான்தான் மாணவர்கள். முதலில் பேச்சு டாண் டாண் என்று வந்தது. பாடம் சூடு பிடித்ததும் நொண்ட ஆரம்பித்தது. இவர் தட்டி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நான் லேப்டாப்பைப் பார்ப்பேன், அது சுவரைப் பார்க்கும். நிலைமத்தைப் பற்றிய ஜோக் அடுத்த படத்துச் சமன்பாடு வந்த பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தது. நேரம் தவறிய ஜோக்குக்கு மரியாதைக்காகக்கூடச் சிரிக்க முடியவில்லை. இவர் லேப்டாப்பை மூடிவிட்டு, ஆய்வகத்துச் சாவி எங்கே தொங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

இவருடைய தங்கை கம்ப்யூட்டரை இயக்குகிற சிஸ்டத்தையே எழுதுகிற கம்பெனியில் இருக்கிறாள். அளந்து பேசுவாள், பாதி நேரம் அளக்கவும் மாட்டாள். வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் இருந்தது. இவருக்குக் குரல் போன பிறகு அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊரறிந்த விஷயம். இருந்தாலும் "உன் அண்ணன் குரல் நொண்டுது, வா" என்றதும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பையோடு வந்து நின்றாள்.

ஒத்திகை முழுவதையும் வாயைத் திறக்காமல் பார்த்தாள். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டாள். "அண்ணா, பாடம் ஆரம்பிச்சதும் அந்தக் குரல் புரோகிராமோட விண்டோவை ஏன் சுருக்கிக் கீழ தள்ளிடற?"

இவர் தட்டினார். "நான் டைப் பண்றது சுவத்துல தெரிஞ்சா, சொல்றதுக்கு முன்னாடியே ஜோக்கைப் படிச்சிருவாங்க."

"அதான் விஷயம்" என்றாள்.

"தமிழ்ல சொல்லு" என்றேன் நான்.

"இந்த சிப்புக்குள்ள வேலை செய்யற கோர் நிறைய இருக்கு அண்ணி. எல்லாம் ஒரே மாதிரி இல்ல. சிலது வேகம், ஆனா பேட்டரியக் குடிக்கும். சிலது நிதானம், சிக்கனம். வேகமானதுலயும் ரெண்டு மத்ததைவிடக் கெட்டி. எந்த வேலை எங்க போகணும்னு சிஸ்டம் பிரிச்சு விடும். கண்ணுக்குத் தெரியறதையும் சத்தம் வர்றதையும் வேகமான பக்கம் அனுப்பும். மறைஞ்சு சத்தமில்லாம கிடந்தா, இதுக்காக யாரும் காத்துக்கிட்டு இல்லன்னு மெதுவான பக்கம் தள்ளிடும்."

"அதான் பேசுதே, சத்தம் வருதே?"

"பேசறப்போ வருது. பேசறதுக்கு முன்னாடி அந்தக் குரலை உருவாக்கணும்ல, அங்கதான் பாரமான வேலையே. அந்த நேரத்துல அது சத்தமில்லாமதான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நான் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் நிற்கிற நர்ஸ். வருகிறவர்களைப் பார்த்து யார் முதலில், யார் பிறகு என்று பிரிப்பது என் வேலை. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, அவன் கொஞ்சம் பொறுப்பான். ஓரமாகச் சத்தமில்லாமல் சாய்ந்திருக்கிறவனிடம்தான் நான் முதலில் ஓடுவேன்.

"சத்தமில்லாதவனைக் கடைசியில நிறுத்துவாங்களா? எந்தப் புண்ணியவான் எழுதினான் இந்தச் சட்டத்தை?"

"எழுதின டீம்ல நானும் இருக்கேன் அண்ணி."

இவர் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம் வராத சிரிப்பு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பொதுவா சரியான சட்டம்தான். அதால எத்தனையோ பேருக்கு பேட்டரி நிக்குது. இப்படி ஒரு ஆள், ஜோக்குக்காகக் குரலை மறைச்சு வைப்பார்னு நாங்க நினைக்கல."

"சரி, அந்தக் கெட்டியான ரெண்டையும் உன் அண்ணன் பேருக்கே எழுதி வை."

"அது சரிவராது அண்ணி."

"செய்யின்னா செய்."

செய்தாள். குரல் புரோகிராமை அந்த இரண்டு கோரோடும் கட்டிப் போட்டாள். இவர் விண்டோவை மறைத்துவிட்டுத் தட்டினார், பேச்சு டக்கென்று வந்தது. நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். சுவரில் பந்து உருளுகிற வீடியோ ஓடத் தொடங்கியதும் பேச்சு முன்பைவிட மோசமாகத் திக்கியது.

"வீடியோவும் அவசரம்தான், அதையும் சிஸ்டம் அந்த ரெண்டுக்குத்தான் அனுப்புது" என்றாள், குத்திக்காட்டாமல். "பக்கத்துல வேற வேகமான கோர் சும்மா இருக்கு. குரல் அங்க போயிருக்கும். நாமதான் கட்டிப் போட்டுட்டோம்."

பெரிய டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, மற்ற டாக்டர்கள் சும்மா இருக்க, நடையில் காத்துக் கிடக்கிற கூட்டத்தை நான் தினமும் திட்டுகிறேன். அன்று அதையே நான் செய்திருந்தேன். எழுந்து போய் அவளுக்குக் காபி கலந்தேன்.

அவள் கட்டை அவிழ்த்துவிட்டாள். பிறகு சின்னதாக ஏதோ எழுதினாள். "எந்த இடத்துல வைக்கணும்னு நாம சொல்லக் கூடாது அண்ணி, அது சிஸ்டத்துக்கே தெரியும். இதுக்காக ஒரு ஆள் காத்துக்கிட்டு இருக்கார், மறைஞ்சிருந்தாலும் ஒதுக்காதேன்னு மட்டும் சொல்லணும்."

"அவசரக் கேஸுக்கு நாங்க கட்டற மாதிரி, கையில சிவப்புப் பட்டை கட்டி விடறே."

"அதேதான்" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். இவர் விண்டோவை மறைத்தார், வீடியோவை ஓட விட்டார், தட்டினார். "ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கீங்க. எனக்குப் பயமா இருக்கு." குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

வகுப்பன்று நாங்கள் இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம், முதல்வர் ஓரமாக நின்றார். பையன்கள் பாவம் பார்க்கிற முகத்தோடு இருந்தார்கள். அந்த முகங்களைத்தான் இவர் தாங்க மாட்டார். நாத்தனார் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

விண்டோ மறைந்தது. சுவரில் பந்து நின்றது. "நிலைமம்னா என்ன? ஞாயித்துக்கிழமை காலைல கட்டில்ல கிடக்கற நான். யாராவது வந்து தள்ளற வரைக்கும் அசைய மாட்டேன்." சின்னதாகச் சிரிப்பு எழுந்தது. முன் வரிசைப் பையன் ஒருவன், "யார் சார் தள்ளுவாங்க?" என்றான்.

இவர் விரல்கள் படபடவென்று தட்டின. "கடைசி பெஞ்ச்."

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்துக் கொல்லென்று சிரித்தது. ஜோக் தன் நேரத்துக்கு வந்துவிட்டது. முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "திங்கக்கிழமையிலேருந்து பழைய டைம்டேபிளே போட்டுடறேன் சார்" என்றார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும்போது நாத்தனார் காரை ஓட்டினாள். இவர் பின்னால், மடியில் லேப்டாப்போடு. நான் முன்னாலிருந்து திரும்பி ஆரம்பித்தேன். "இங்க பாருங்க, வேலை கிடைச்சதுன்னு ஆட்டம் போடாதீங்க. வகுப்புக்கு வகுப்பு தண்ணி குடிக்கணும், மாடி ஏறக் கூடாது, சாயங்காலம் நேரா வீட்டுக்கு—"

"லிஸ்ட் இன்னும் இருக்கா? நான் எறங்கி நடந்தே வந்துடவா?"

"வாயை மூடுங்க!" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. எத்தனை மாதமாயிற்று இதை நான் சொல்லி. நாத்தனாரின் கை கியரின் மேல் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை, அழுத்தினேன்.

"அண்ணி, சிக்னல்ல பச்சை விழுந்துடுச்சு. கையை விடுங்க" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

விட்டேன். பின்னால் திரும்பி, மாத்திரை, மஃப்ளர், ராத்திரி தூக்கம் என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். சொல்வதற்கு அவ்வளவெல்லாம் இல்லை. இவர் விரல்கள் கீபோர்டின் மேல் போய்விட்டதைப் பார்த்தேன், குறுக்கே பேசட்டும் என்று வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.