சனிக்கிழமை நிற்கும் ரயில்

எத்தனை மாடிக் கட்டிடமானாலும் சரி, நடுவில் சிக்கிக்கொண்ட லிஃப்ட்டை லிஃப்ட்டக்கா வந்து தொட்டால் நகர்ந்துவிடும். வேலையிடத்தில் அவளுக்கு அந்தப் பெயர்தான். அப்பேர்ப்பட்டவளைச் சுண்டுவிரல் நீளத்துப் பொம்மை ரயில் எஞ்சின் ஒன்று கண்ணில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.

கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் மேஜையில் தண்டவாளம், குகை, பாலம் எல்லாம் அவளும் தம்பியும் சேர்ந்து அமைத்தவை. ஓரத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. போனிலிருந்து கம்பியில்லாமல் அதற்குக் கட்டளை போகும், ரயில் ஓடும். அந்த மேஜையால்தான் வீடு இரண்டுபட்டது. வேலை முடிந்து அலுத்து வந்த ஒருநாள் அதன் முனையில் இடித்துக்கொண்ட வலியில், "இது என் வீடு. உன் மேஜையத் தூக்கிட்டுக் கிளம்பு" என்று சொல்லிவிட்டாள். தம்பி மேஜையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். அவனாக வரட்டும் என்று இவள். அவளாகக் கூப்பிடட்டும் என்று அவன். ஊர் லிஃப்ட்டையெல்லாம் இறக்கத் தெரிந்தவளுக்குத் தான் மட்டும் இறங்கி வரத் தெரியவில்லை. மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது.

அவன் போனதிலிருந்து தினமும் சாயங்காலம் ரயிலை ஓட்டுகிறாள். அம்மா கேட்டால், "சும்மா கெடந்தா துருப்பிடிச்சிடும்" என்பாள். உண்மை வேறு. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தம்பி வீட்டில் இல்லாதது காதில் விழுந்தது.

இன்றும் வண்டி பாலத்தின் மேல் நின்றுவிட்டது. இணைப்பு போய்விட்டதாகப் போன் காட்டியது. வைஃபை பெட்டியை இடம் மாற்றியாயிற்று, மைக்ரோவேவை நிறுத்தியாயிற்று, தண்டவாளத்தைக்கூடத் துடைத்தாயிற்று. மண்டை காய்ந்துபோய், பெட்டி வாங்கின கடைக்கே போன் போட்டாள்.

"எப்பவுமே நிக்குதா, எப்பவாச்சுமா?" என்றார் கடைக்காரர்.

"எப்பவாச்சும்தான்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா குறுக்கே புகுந்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமைதான் நிக்குது. மத்த நாளெல்லாம் என் காதைக் கிழிக்குதே!"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "வேற யாரோட போனாவது அதுல சேர்த்திருக்கீங்களா? முதல்ல சேர்த்த போனுக்குத்தான் முதல் உரிமை. அது கிட்ட வந்தா உங்களைத் தள்ளிட்டு அதோட ஒட்டிக்கும். தூரப் போனா திரும்ப உங்ககிட்ட வரும்."

"கிட்டன்னா?"

"பக்கத்து ரூம், வாசப்படி, அவ்வளவுதான். வேண்டாம்னா அந்தப் பேரை அழிச்சிடுங்க. பிரச்சினை தீர்ந்துச்சு."

பட்டியலைத் திறந்தாள். முதலில் இருந்தது தம்பியின் பெயர். பெட்டி வந்த அன்று அவசரம் தாங்காமல் அவன்தான் தன் போனை முதலில் சேர்த்தான். சனிக்கிழமை அவனுக்கு அரைநாள் வேலை.

அவள் எதையும் அழிக்கவில்லை. போய்க் கதவைத் திறந்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் தம்பி இறங்கப் போனவன் அப்படியே நின்றான். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"வாரா வாரமா?"

"யார் சொன்னா?"

"உன் வண்டி சொல்லுச்சு."

அவன் முகம் சுருங்கியது. "வண்டி எங்க இருக்கு? ஒவ்வொரு தடவையும் வந்து காதை வச்சுக் கேக்கறேன், ஒரு சத்தமும் இல்ல. நீ மேஜையைப் பிரிச்சுப் போட்டுட்டேன்னு நெனச்சேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கதவைத் தட்டறது?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மடையா, நீ வந்ததாலதாண்டா அது நின்னுச்சு! உன் போன் கிட்ட வந்தாலே என்னை விட்டுட்டு உன்கூட ஒட்டிக்குது. கோவிச்சுக்கிட்டுப் போனவன் போன்ல இருந்து அதை எடுத்திருக்கலாம்ல?"

"மனசு வரலக்கா."

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. வலியில பேசினாலும் தப்புதான். உள்ள வா."

உள்ளே வந்தவன் போனை எடுத்துத் தட்டினான். பாலத்தின் மேல் நின்ற ரயில் கிளம்பிக் குகைக்குள் நுழைந்தது. "அப்பாடா, ரிப்பேர் சரியாயிடுச்சு போல" என்று அம்மா யாரையும் பாராமல் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தம்பி மேஜையைச் சுற்றி வந்தான். அக்கா இடித்துக்கொண்ட முனையில் பஞ்சு வைத்துப் பழைய துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது எப்பக்கா?"

"நீ போன அன்னிக்கே" என்றாள் அக்கா.